யார் பார்த்தது?

பிரான்சின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கிற எங்கள் வெஸ்ஸான் தீவில் கடலில் செத்தவனுக்கும் ஊர்வலம் உண்டு, பூசை உண்டு, கல்லறையில் இடம் உண்டு. உடம்பு மட்டும்தான் இருக்காது. அதற்குப் பதிலாக விரல் நீளத்தில் ஒரு மெழுகுச் சிலுவை. அதை வெள்ளைத் துணியில் கிடத்தி, ராத்திரி முழுக்கச் செபம் சொல்லி, மறுநாள் பிணத்தை எடுப்பதுபோலவே எடுத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். புரோயெல்லா என்று அதற்குப் பெயர். வீட்டுக்குச் சேதி சொல்ல வேண்டியவன், செத்தவனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன். பொழுது சாயும்போது போய், ஜன்னல் கண்ணாடியில் மூன்று தடவை விரலால் தட்டி, இன்றைக்கு உன் வீட்டில் புரோயெல்லா என்று சொன்னால் போதும். ஏன், எப்படி என்று எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அழுகை தொடங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரிகள் மெழுகுவர்த்தியோடு வந்துவிடுவார்கள்.

ஹெர்வேயும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பிப் போனான்.

அது 1917 ஏப்ரல், சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஹெர்வேக்கு வயது நாற்பத்து நான்கு. நெஞ்சில் சளி கட்டிப்போக, குளிரில் செத்துப்போன இரண்டு கால்விரல்களை வெட்டி, இனி நீ எதற்கும் உதவமாட்டாய் என்று கடற்படை அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அதற்கு முன், பிப்ரவரியில், அவன் வேலை பார்த்த கப்பல் மத்தியதரைக் கடலில் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகும்போது நீர்மூழ்கிக் கப்பல் அடித்து மூழ்கடித்துவிட்டது. அந்தக் கப்பலின் டாக்டர் ஒலிவியே மல்கோர்ன். ஹெர்வேயின் அக்கா பார்பாவுக்கு ஒரே பிள்ளை, இருபத்தாறு வயது. ஹெர்வே அவனுக்குத் தாய்மாமன். அது போதாதென்று ஞானத்தகப்பனும் அவன்தான்.

பார்பா ஏற்கெனவே அப்பாவுக்கு ஒரு மெழுகு, புருஷனுக்கு ஒரு மெழுகு என்று இரண்டு கொடுத்தவள். மூன்றாவது கொடுக்கமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினாள். காற்றிலும் மழையிலும் தனி ஆளாக மண்ணைக் கொத்தி, ஆடு வளர்த்து, அவன் கையில் துடுப்பு படாமல் பார்த்துக்கொண்டாள். பையனும் கெட்டிக்காரன். டாக்டருக்குப் படிக்கிறேன் என்றான். அவளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் பெற்ற பிள்ளையைச் சும்மா படிக்கவைக்க அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்? கடற்படைதான் இருந்தது. படிப்பு முடிந்த கையோடு சட்டையை மாட்டிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

ஹெர்வே ஜன்னலில் தட்டியதும் பார்பா கதவைத் திறந்தாள். அவன் சொல்ல வேண்டியதைச் சொன்னான். அவள் அழவில்லை. அவன் முகத்தையே பார்த்தாள்.

"யார் பார்த்தது?" என்றாள்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. கப்பல் சாய்ந்ததும் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம், அதற்கப்புறம் அவனை நான் பார்க்கவே இல்லை, யாருமே பார்க்கவில்லை என்று சொன்னான். எங்கள் ஊரில் இதைவிட இதமான பொய் கிடையாது. கடலில் காணோம் என்றால் போய்விட்டான் என்றுதான் எங்களுக்கு அர்த்தம். நூறு வீட்டில் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நூறு வீட்டிலும் அதோடு விஷயம் முடிந்திருக்கிறது. வெஸ்ஸானில் பிறந்தவன் எவனும் இந்த இடத்தில்தான் தப்புக் கணக்குப் போட்டிருப்பான்.

"யாரும் பார்க்கலையா? அப்போ எதுக்குடா புரோயெல்லா?" என்றாள் பார்பா. "அரசாங்கக் காயிதமும் காணோம்னுதான் சொல்லுது. செத்துட்டான்னு ஓரமா போட்டு வெச்ச ஆளு எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேட்டான்னு என் பிள்ளையே முன்ன எனக்கு எழுதியிருக்கான். சாகாத பிள்ளைக்கு என்னை மெழுகு வெக்கச் சொல்றியா? போ, வீட்டுக்குப் போ."

கதவு சாத்திக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மெழுகுவர்த்தியோடு காத்திருந்த பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். இந்தத் தீவில் இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை.

பார்த்தவன் ஹெர்வேதான். நாலு மணி நேரம் கப்பலின் ஒரே மிதவையின் கயிற்றை அவனும் ஒலிவியேயும் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் கையோடு கை கோத்துக் கிடந்தார்கள். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அக்கா அடுத்த கேள்வி கேட்பாள். அந்த அடுத்த கேள்விக்குப் பயந்துதான் அவன் முதல் கேள்விக்கே பொய் சொன்னான். சொல்லிவிட்டால் அக்கா என்று ஒருத்தி அவனுக்கு இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் அவள் காத்துக்கொண்டே கிடப்பாள். அவன் சொல்லாமல் இருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது என்று பல வருஷம் கழித்து அவனே என்னிடம் சொன்னான். ஆனால் அன்றைக்கு நன்றாகத்தான் சாப்பிட்டான், தூங்கினான், எங்களோடு உட்கார்ந்து புகை பிடித்தான்.

பார்பா காத்துக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. அவளுக்கு எழுதத் தெரியாது, தம்பிக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடிதம் எழுதச் சொல்வாள். மால்டாவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஒன்று, சலோனிகாவுக்கு ஒன்று, ஆப்பிரிக்கக் கரையில் பிஸெர்த் ஊருக்கு ஒன்று. நல்ல உயரம், கறுத்த முடி, இடது காதுமடலில் மச்சம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தன் கையால் விட்ட பிள்ளையைத் தேடித் தரச் சொல்லித் தன் கையாலேயே எழுதினான். இதற்குமேல் ஒரு மனிதனுக்குத் தண்டனை வேண்டுமா என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன்.

ஊர் அவளை விட்டு விலகத் தொடங்கியது. புரோயெல்லா ஆகாத ஆத்மா கரைப் பாறையில் அலையும் என்பது எங்கள் நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பெர்ரின் காற்றடிக்கிற நாளெல்லாம் ஒலிவியேயின் குரல் கேட்கிறது என்று சொல்லித் திரிந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை, அவளும் இரண்டு மெழுகு கொடுத்தவள்தான். ஒரு நாள் ஹெர்வேயை வழியில் மறித்து, ஞானத்தகப்பன் என்று பெயருக்கு இருக்கிறாயே, உன் அக்காவுக்கு நாலு வார்த்தை உறைக்கச் சொல்லக் கூடாதா, பெற்ற பிள்ளைக்கு ஒரு கூரை இல்லாமல் பண்ணுகிறாளே என்று பிடித்துக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டான்.

செப்டம்பரில் பிஸெர்த்திலிருந்து ஒரு கன்னியாஸ்திரி பதில் எழுதினார். இங்கே ஓர் அதிகாரி இருக்கிறார், கடலிலிருந்து எடுத்து வந்தவர், பெயர் ஊர் எதுவும் ஞாபகம் இல்லை, உயரமானவர், கறுத்த முடி, முகமும் காதும் வெந்துபோய்க் கட்டுப் போட்டிருப்பதால் மச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை என்று இருந்தது. ஹெர்வே வாசித்துக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றுவிட்டான். மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தான். ஆனால் பார்பா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்துத் தொலைத்தான்.

அவ்வளவுதான், அவள் கிளம்பிவிட்டாள். ஐம்பத்தோரு வருஷத்தில் தீவை விட்டு ஒரு தடவைகூட வெளியே போகாதவள். வியாழக்கிழமை நீராவிப் படகில் பிரெஸ்ட் துறைமுகம், அங்கிருந்து ரயில், அப்புறம் எந்தக் கடல் பிள்ளையை விழுங்கியதோ அதே கடலில் கப்பல். நீர்மூழ்கிகள் வாரத்துக்கு நாலு கப்பலை அடித்துக்கொண்டிருந்த நேரம். ஆடுகளைப் பெர்ரின் வீட்டில் விட்டாள். மகனுக்கென்று ஒரு கம்பளிச் சட்டை பின்னி மடித்து வைத்தாள். ஊரில் யார் சொல்லியும் கேட்கவில்லை. கடல் என்னைத் தின்றால் தின்னட்டும், வயிறு நிறைந்தாவது போகும் என்று பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டாளாம்.

புதன்கிழமை பின்மத்தியானம் ஹெர்வே அக்கா வீட்டுக்குப் போனான். கதவு திறந்துதான் கிடந்தது. அவன் உள்ளே போகவில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று மூன்று தடவை தட்டினான்.

பார்பா மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இன்னொரு தடவ தட்டினே, விரலை ஒடிச்சுப் போடுவேன்" என்றாள்.

"இன்னிக்கு உன் வீட்டுல புரோயெல்லா, அக்கா."

"யார் பார்த்தது?"

"நான் பார்த்தேன்."

அவள் வாசலுக்கு வந்தாள். சொல்லு என்று மட்டும் சொன்னாள். அவன் சுவரில் சாய்ந்தபடி சொன்னான். மிதவையில் இடம் இருந்தது ஏழு பேருக்கு, கயிற்றைப் பிடித்துத் தொங்கியது பதினெட்டுப் பேர். ஒலிவியே யாரையும் தூங்கவிடவில்லை. தூங்கினால் செத்தாய் என்று ஒவ்வொருவன் கன்னத்திலும் அறைந்துகொண்டே இருந்தான். பெண்டாட்டி பெயர் என்ன, ஊரில் என்ன மரம் இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பேசவைத்தான். உடம்பு விறைத்து, கூப்பிட்டால் பதில் சொல்லாதவனைச் செத்தவன் என்று விட்டுவிடாதே மாமா, குளிரில் அப்படித்தான் இருக்கும், உள்ளே உயிர் ஓடிக்கொண்டிருக்கும் என்று ஹெர்வேயிடம் இரண்டு தடவை சொன்னான். நாலாவது மணி நேரத்தில் அவன் பேச்சு நின்றது.

"கூப்பிட்டுப் பார்த்தியா?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன். பதில் இல்ல." என்றான் ஹெர்வே. "என்கிட்ட மிதக்குற தக்கை பெல்ட் இல்லக்கா. தூக்கத்துலருந்து அப்படியே ஓடியாந்தவன். அவன் போட்டிருந்தான். கப்பல் சாயும்போது நான்தான் அவனுக்குக் கட்டிவிட்டேன், அவனுக்கு முடிச்சுப் போட வராதுல்ல. நாலு முடிச்சு. நாலையும் நானே அவுத்தேன்."

"அவுத்து யாருக்குக் குடுத்தே?"

"நான் போட்டுக்கிட்டேன்."

பார்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அவன் செத்திருந்தானா?"

"செத்துட்டான்னு நெனச்சேன். விடும்போது என் சட்டைக் கையைப் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. அலை இழுத்துச்சா, அவன் பிடிச்சானா, தெரியல. ஏழு மாசமா தெரியல."

"எவ்வளவு நேரம் கழிச்சு உங்களைக் கப்பல்ல ஏத்தினாங்க?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது. மண்வெட்டி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் சாத்தியிருந்தது. அவள் அதன் பக்கம் திரும்பவில்லை. பெல்ட் இல்லாமல் போனவன் பிஸெர்த் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய், கட்டிய மூட்டையை அவிழ்த்து, கம்பளிச் சட்டையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டியின் அடியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவி விட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மேசையில் முகத்தை வைத்து, துணியைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதாள். ஹெர்வே வாசலிலேயே நின்றான்.

வெகு நேரம் கழித்து நிமிர்ந்து, சாமியாரிடம் சொல்லி மெழுகு வாங்கிக்கொண்டு வா என்றாள். அவன் திரும்பியதும் கூப்பிட்டாள்.

"நாளைக்கு நீதான் தூக்கணும்."

"என் கையாலயா? வேண்டாம்க்கா, வேற யாரையாவது..."

"ஞானத்தகப்பன்தான் தூக்கணும். உனக்காக ஊர் வழக்கத்தை நான் மாத்த மாட்டேன்."

அன்று ராத்திரி பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பெர்ரின் செபத்தை ஆரம்பித்துவைத்தாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பார்பாவின் வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் பிரெஸ்ட் படகு சங்கு ஊதிக்கொண்டு கிளம்பிய நேரத்தில்தான் சாமியார் சிலுவையை எடுக்க வந்தார். ஹெர்வே தொப்பியைக் கழற்றிவிட்டு, துணியோடு சிலுவையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். எடை என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் பெரிய பாரத்தைத் தூக்கியவன்போல நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் கோயில் வரைக்கும் போனான். பாவம், மருமகன்மேல் உயிரையே வைத்திருந்தான் என்று வழியெல்லாம் எங்கள் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பின்னால் வந்த பார்பாவின் காதிலும் அது விழுந்திருக்கும்.

சாமியார் சிலுவையை வாங்கி, கல்லறைக்குக் கொண்டுபோகிற நாள் வரைக்கும் இருக்கட்டும் என்று பீடத்தின் ஓரத்து மரப்பெட்டியில் வைத்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெர்ரின் பார்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டாலும் ஆண்டவர் தம்பியையாவது திருப்பிக் கொடுத்தாரே என்று தேற்றினாள். ஆமாம் என்றாள் பார்பா. கூட்டம் கலையும்வரை காத்திருந்து, கோயில் சுவரோரம் ஒதுங்கி நின்ற ஹெர்வேயிடம் போனாள்.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா."

"வேண்டாம்க்கா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான்..."

"வரணும். உன்னை நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். ஆனா நீ போட்டுக்கிட்டு வந்தது அவன் உசுரு. அது பட்டினி கிடக்கக் கூடாது."

அவன் போனான். அந்த ஞாயிறு மட்டுமல்ல, அவள் கண்ணை மூடும்வரை பதினாலு வருஷம், ஒரு ஞாயிறு விடாமல் போனான். அவள் பரிமாறுவாள். எதிரே உட்கார்ந்து, அவன் கடைசி வாய் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.