ஒற்றைப்படைக் குழாய்கள்

அந்தச் சுரங்கத்தில் அவரைப் போலக் கற்பனை வளம் உள்ள ஆள் வேறு யாரும் கிடையாது. கதை, கவிதை என்று எதுவும் எழுதியவர் இல்லை. ரெஜிஸ்டர்தான் எழுதுவார். ஆனால் எட்டு மாதமாக அந்த ரெஜிஸ்டரில் அவர் எழுதியதில் ஒரு எண்கூட உண்மையில்லை.

வேலை என்னவோ சுலபமானதுதான். கல்லை அரைத்து உலோகத்தை எடுத்தபின் மிஞ்சுகிற சேற்றை, ஒரு பெரிய மண்ணணை கட்டித் தேக்கி வைத்திருந்தார்கள். அணையின் உடம்புக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள, சரிவில் பன்னிரண்டு குழாய்களை இறக்கியிருந்தார்கள். வாரம் ஒருமுறை ஏறி, குழாய்க்குள் டேப்பை விட்டு, எத்தனை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் தட்டுகிறது என்று எழுத வேண்டும். தண்ணீர் ஆழத்தில் கிடந்தால் நல்லது. மேலே ஏற ஏற, மண் ஊறிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். நாலு மீட்டருக்குள் வந்துவிட்டால் சங்கு ஊதி, கீழே உள்ள குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். அவருடைய வீடும் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தது.

ஒரே ஆளை விட்டால் ஏமாற்றுவான் என்று மேலிடத்தில் ஒரு புத்திசாலி யோசித்திருந்தார். ஒற்றைப்படைக் குழாய்கள் ஒருவருக்கு, இரட்டைப்படைக் குழாய்கள் இன்னொருவருக்கு, ஆளுக்கு ஒரு ரெஜிஸ்டர். பக்கத்துப் பக்கத்துக் குழாய்களின் அளவு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எவனோ புளுகுகிறான். ஒற்றைப்படை அவருக்கு. இரட்டைப்படை அவருடைய மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. சிபாரிசு செய்து வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

சரிவுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு படி. மழைக்காலத்தில் ஒருநாள் முட்டி பிடித்துக்கொண்டது. இன்றைக்கு ஒருநாள்தானே என்று மச்சானின் ரெஜிஸ்டரைப் புரட்டி, அவன் கடைசியாக எழுதியதில் ஐந்து பத்து சென்டிமீட்டர் கூட்டிக் குறைத்து எழுதிவிட்டார். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அடுத்த வாரமும் முட்டி வலித்தது. அதற்கடுத்த வாரம் முட்டியை அவர் விசாரிக்கவே இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, செய்ததைத் திருந்தச் செய்தார். மழை பெய்தால் அளவைக் கொஞ்சம் ஏற்றுவார், வெயிலடித்தால் இறக்குவார். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வருமென்று மூன்று பேனா வைத்திருந்தார். ஒருமுறை பக்கத்தின் ஓரத்தில் சேற்று விரலை வைத்து ரேகைகூடப் பதித்தார். அந்தச் சேற்றுக்காக வாசல்வரை நடந்ததுதான் அந்த மாதம் அவர் பார்த்த வெளிவேலை. இந்த உழைப்பில் பாதியைப் போட்டிருந்தால் படியே ஏறியிருக்கலாமே என்று அவருக்கே சிரிப்பு வரும். மனசாட்சி எப்போதாவது முனகினால், அதுதான் மச்சான் அளக்கிறானே என்று அதன் வாயை அடைப்பார்.

இந்த லட்சணத்தில், அணையை இன்னும் மூன்று மீட்டர் உயர்த்தலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. அதற்கு அனுமதி தர மேற்பார்வை வாரியத்திலிருந்து பொறியாளர் அம்மா ஒருவர் வந்தார். இரண்டு ரெஜிஸ்டரையும் விரித்து வைத்து, விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார்.

"நானும் முப்பது அணை பார்த்திருக்கேன். ரெண்டு பேர் அளவும் இப்படி அச்சுல வார்த்த மாதிரி ஒத்துப்போய் எங்கயும் பார்த்ததில்ல. சாப்பிட்டு வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். நம்மவருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியே வந்து மச்சானின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"மச்சான், நீ ஒழுங்கா அளந்தே, என் மானம் தப்பிச்சுது."

மச்சான் திருதிருவென்று விழித்தான். "நான் எங்க அத்தான் அளந்தேன்?"

"என்னடா சொல்ற?"

"உங்க ரெஜிஸ்டரைப் பார்த்து, அதுல கொஞ்சம் முன்னப் பின்னப் போட்டு எழுதுவேன். அத்தான் பொறுப்பான மனுஷன், ஏறி அளக்காமலா எழுதப்போறாருன்னு..."

"எப்பலேருந்துடா?"

"மழைக்காலத்துலேருந்து. படி ஏறினா எனக்கு மூச்சு வாங்குது அத்தான்."

அடப்பாவி என்று வாய்வரை வந்தது. எந்தப் பாவியைச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கிக்கொண்டார். அவனைப் பார்த்து இவர், இவரைப் பார்த்து அவன். எட்டு மாதமாக அந்த அணையின் தண்ணீரை ஒருவருமே பார்க்கவில்லை.

டேப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் உச்சி வெயிலில் ஏறினார்கள். ஐம்பதாவது படியில் மச்சான் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிடா! கீழ உங்கக்கா இருக்கா!"

எழுந்தான். மூன்றாம் குழாயின் மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கல்லால் தட்டித்தான் திறக்க முடிந்தது. போன வாரம் அவர் எழுதியது ஏழு மீட்டர் நாற்பது. டேப் இரண்டே முக்கால் மீட்டரிலேயே தண்ணீரில் தட்டியது. நம்பாமல் இன்னொரு முறை விட்டார். அதே இரண்டே முக்கால். நான்காம் குழாயில் மச்சான் விட்டான். இரண்டு அறுபத்தைந்து.

"அத்தான், இந்தத் தடவை நம்ம அளவு நிஜமாவே ஒத்துப்போகுது," என்றான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது.

வேலை போகும், கேஸும் வரும் என்று இறங்குகிற வழியெல்லாம் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. ஆனாலும் முட்டி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே பொறியாளர் அம்மா பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"போடாதீங்கம்மா. அந்த அளவெல்லாம் நாங்க நாற்காலியில உட்கார்ந்து அளந்தது."

"இவருக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு மேடம்," என்று மேனேஜர் அவசரமாகச் சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "இப்ப எவ்வளவு?"

"ரெண்டே முக்கால்."

வேறு எதுவும் கேட்காமல் அந்த அம்மா மேனேஜரைப் பார்த்து, "சங்கை ஊதச் சொல்லுங்க," என்றார்.

குடியிருப்பு முழுக்க லாரிகள் வந்து நின்றன. மனைவி ஒரு பையும் இரண்டு பெண் குழந்தைகளுமாக வாசலில் நின்றிருந்தாள். தம்பி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டித் தீர்த்துவிட்டான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பெண்களைத் தூக்கி லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"மழை பெய்யறப்பல்லாம் பயமா இருக்குன்னு சொல்வேன். 'நான் பார்த்துட்டுத்தானே வந்தேன், தூங்கு'ம்பீங்க. நானும் தூங்குவேன். பிள்ளைங்களையும் தூங்க வைப்பேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது.

"நீ ஏறு. மிச்சக் குழாயை அளக்கணும், அந்தம்மா கூப்பிடறாங்க. அளந்துட்டு வந்து எப்படி இருக்குன்னு சொல்றேன்."

அவள் லாரியின் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

"நீங்க சொல்ல வேணாம். அந்தம்மாவையே வந்து சொல்லச் சொல்லுங்க."