எங்கள் வீட்டு வழியாக

அந்த எண்ணை முதலில் நான் நம்பவில்லை. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே எண்தான்.

வைட்ஃபீல்டில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு ஒரே வேலை. ஒரு ஓடிடி நிறுவனத்தில் யார் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்று சரிபார்ப்பது. ஒரு படத்தின் உரிமை இந்தியாவுக்கு மட்டும் விற்கப்பட்டிருக்கும். துபாயில் இருப்பவர் விபிஎன் போட்டுக்கொண்டு, தான் இந்தியாவில் இருப்பதாகக் காட்டி அதைப் பார்ப்பார். அப்படி நுழைய உதவும் இணைப்புகளின் எண்களை, அதாவது இணைய முகவரிகளைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும். சந்தேகமான முகவரிகளை மென்பொருள் வரிசையாகத் தரும். சந்தேகப்படுவது அதன் வேலை. முடிவெடுப்பது என் வேலை.

அன்று காலை வந்த முகவரியில் ஏகப்பட்ட கணக்குகள் இருந்தன. ஒருவர் கிரிக்கெட் பார்க்கிறார், ஒருவர் மலையாளப் படம், இன்னொருவர் இந்தி சீரியல். எல்லோரும் ஒரே வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் காட்டியது. பெங்களூரில் ஒரு வீட்டு இணைப்பு. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களுக்காக நாங்கள் எல்லோரும் வீட்டு இணைப்பின் எண்ணை அலுவலகத்தில் பதிந்து வைக்க வேண்டும். போன வாரம்தான் நான் பதிந்திருந்தேன். அதனால் பார்த்ததும் தெரிந்தது. லிங்கராஜபுரத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீடு.

தெரிந்த முகவரி வந்தால் உடனே டீம் லீடிடம் சொல்லிவிட வேண்டும் என்பது விதி. நான் சொல்லவில்லை. ஸ்ரீகண்டன் சாரிடம் ஒரு வாக்கியம் பேசுவதற்கே நான் மனதுக்குள் ஒத்திகை பார்க்க வேண்டியிருக்கும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் தெரிந்தவர்களின் முகவரிகளை நழுவவிட்டு மாட்டிக்கொண்டவன். அவன் பெயரைக்கூட அங்கே யாரும் சொல்வதில்லை. யார் செய்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்வோம், பிறகு சொல்வோம் என்று அந்த முகவரியை நிறுத்தி வைத்தேன்.

மதியம் ஸ்ரீகண்டன் சார் என் பின்னால் வந்து நின்றார்.

"இளவேனில், ஒண்ணு ஹோல்ட்ல இருக்கே, என்னம்மா அது?"

"கொஞ்சம் டவுட் சார். பாத்துட்டு க்ளோஸ் பண்றேன்."

"நீ டவுட்ல வைக்கிற ஆளே இல்லையே. டக்கு டக்குனு அடைச்சிட்டுப் போய்ட்டே இருப்ப."

சிரித்தார். திரையில் இருந்த எண்ணைக் குனிந்து ஒருமுறை படித்தார்.

"நாளைக்குக் காலையில முடிச்சிரு. கவின் மாதிரி ஆயிடாத."

அந்தப் பெயரை அன்றுதான் அவர் வாயால் முதல்முறை கேட்டேன்.

மெட்ரோவில் இடம் கிடைத்தும் நான் உட்காரவில்லை. வீட்டில் இருப்பது மூன்று பேர். கீழே வீட்டுக்காரர் பிரிஜெட் ஆன்ட்டி. மாடி அறையில் நானும் தர்ஷினியும். இணைப்பு ஆன்ட்டி பெயரில். அதே வைஃபைதான் மாடிக்கும். எங்கள் பங்கை வாடகையோடு சேர்த்துக் கொடுத்துவிடுவோம். எங்கள் தெருவில் பல வீடுகளில் இப்படித்தான்.

என் போனில் ஒன்றும் இல்லை. ஆன்ட்டி ரிமோட்டில் சத்தம் கூட்டுவதற்கே எங்களைக் கூப்பிடுகிறவர். மிச்சம் தர்ஷினி. கொரிய சீரியல் பார்த்துக்கொண்டே தோசை சுடுகிறவள். போன மாதம் என்னிடமே கேட்டாள், "விபிஎன்ல எதுடி நல்லது? நீதான் அந்த வேல பாக்கறியே" என்று. நான் பதில் சொல்லவில்லை. அவளே எதையாவது போட்டிருப்பாள் என்று முடிவு செய்தேன். பையப்பனஹள்ளி வருவதற்குள் அது எனக்கு நிச்சயமாகிவிட்டது.

தர்ஷினி கட்டிலில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் போன கொஞ்சம் குடு."

"எதுக்கு?"

"என்ன ஆப்லாம் இருக்குன்னு பாக்கணும்."

"எங்கம்மாகூட இப்டி கேட்டதில்லடி."

"நீ விபிஎன் போட்டியா?"

எழுந்து உட்கார்ந்தாள். "போட்டா என்ன? காசு கட்டிப் பாக்க நான் ரெடி. இந்தியாவுக்கு மட்டும் குடுக்க மாட்டேன்னா நான் எங்க போறது? கடையச் சாத்தி வச்சுக்கிட்டு, எட்டிப் பாக்கறவள திருடின்னா எப்டி?"

"போட்டியா இல்லையா, அத மட்டும் சொல்லு."

போனைக் கட்டிலில் என் பக்கம் தூக்கிப் போட்டாள். "நல்லா பாரு. ஃபோட்டோவும் பாத்துக்க, இன்ஸ்பெக்டர் மேடம். ஆறு மாசமா ஒரே கட்டில்ல படுத்துருக்கோம், என்னையப் போய் கேக்கற."

பார்த்தேன். எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, "ஏரோப்ளேன் மோட்ல போடவா?" என்று கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எங்கள் இருவர் போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டேன். லேப்டாப்பை அணைத்தேன். மாடியில் இனி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கீழே இறங்கினேன்.

ஆன்ட்டி வீட்டுக் கூடத்தில் ஷோகேஸின் மேல், மாதா சிலைக்குப் பக்கத்தில் மோடம் இருக்கும். சமையலறையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. டிவி அணைந்திருந்தது. ஆன்ட்டியின் போன் சோபாவில் சும்மா கிடந்தது. மோடத்தின் பச்சை விளக்கு மட்டும் நிற்காமல் துடித்தது. யாரும் பார்க்காத வீட்டில் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிவிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சாதாரண டிவியை ஸ்மார்ட் டிவி ஆக்கும் பெட்டி. அதன் வயரைப் பிடுங்கினேன். விளக்கு அடங்கியது. செருகினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி துடித்தது.

"அங்க என்ன பண்ற?"

ஆன்ட்டி கரண்டியோடு நின்றிருந்தார்.

"நெட் ஸ்லோவா இருக்கு ஆன்ட்டி. இந்தப் பெட்டி யார் வாங்கிக் குடுத்தது?"

"எங்கக்கா மவன் கிளிஃபர்ட். சும்னே கேக்கறியா, இல்ல விஷயம் இருக்கா?"

"இதுல விபிஎன் போட்டிருக்காரா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ மொதல்ல இந்தப் பக்கம் வா."

சொல்லிவிட்டு அவரே வந்து எனக்கும் டிவிக்கும் நடுவில் நின்றுகொண்டார். நான் நகரவில்லை என்றதும் ரிமோட்டை எடுத்து, இரண்டே அழுத்தலில் தேவையான இடத்துக்குப் போனார். சத்தம் கூட்டத் தெரியாதவர். கனடாவில் நடக்கும் தமிழ்ச் சமையல் போட்டி. அங்கே மட்டும் வருவது. திரையில் முடியைக் கத்தரித்துக்கொண்ட ஒரு பெண் மீன் துண்டுகளில் மசாலா தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆஞ்சலா" என்றார். "என் பொண்ணு."

அவருக்கு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது.

"அவ கல்யாணத்துக்கு நான் போகல. வர மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப நான் போட்டா அவ போன் எடுக்கறதில்ல. வாரத்துல ஒரு நாள் இதுல வர்றா. சந்தா கட்டித்தான் பாக்கறேன், ஓசில இல்ல. சனிக்கெழம ஃபைனல்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல வேவு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?"

"இல்ல ஆன்ட்டி. நானே பாத்தேன். கிளிஃபர்ட் போட்டிருக்கறது இலவச ஆப். அது உங்கள கனடால யாரோ ஒருத்தர் வீட்டு வழியா உள்ள விடுது. அதுக்குப் பதிலா நம்ம வீட்டு வழியா வேற யார் யாரையோ உள்ள விடுது."

"நம்ம வீட்டு வழியாவா? யாரு?"

"தெரியாது. துபாய், லண்டன், எங்கெங்கயோ."

"ஆம்பளைங்களா?"

"அதுவும் தெரியாது ஆன்ட்டி."

கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"அந்தக் கனடா வீட்டுக்காரங்களுக்கு நான் வந்து போறது தெரியுமா?"

"தெரியாது."

"பாவம்" என்றார். பிறகு, "ஃபைனல் வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் நீயே எடுத்துரு."

பணம் கட்டிவிட்டு மகளைப் பார்ப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கும் தெரியவில்லை. உலகத்தைத் துண்டு போட்டு விற்றவர்கள் இவரை நினைத்து விற்கவில்லை. ஆனால் இப்படித் திறந்துகிடக்கும் வீடுகள் வழியாகப் படம் பார்ப்பவர்கள் மட்டும் வருவதில்லை. திருடிய கார்டில் பொருள் வாங்குகிறவர்களும் வருவார்கள். போலீஸ் தேடிக்கொண்டு இந்த வீட்டுக்குத்தான் வரும். இதையெல்லாம் சொன்னேன். சொல்லாத ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன்.

"நாளைக்குக் காலைக்குள்ள எடுக்கலன்னா என் வேல போயிடும் ஆன்ட்டி."

"அப்ப அதச் சொல்லு. போலீஸ்னு எதுக்குப் பயம் காட்டற?"

நான் ஆப்பை நீக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். இதோடு வேறு எதையாவது சேர்த்து எடுத்துவிடுவேனோ என்பதுபோல் நான் அழுத்தும் ஒவ்வொன்றையும் பார்த்தார். முடித்ததும் ஆஞ்சலா இருந்த இடத்தில், இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வந்தது. ஆன்ட்டி அதைப் படித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

மறுநாள் காலை ஸ்ரீகண்டன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்திகை பார்த்த வரிசையில் வரவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"ஹவுஸ் ஓனர்."

"ஆமா சார்."

"கவினும் ஹவுஸ் ஓனர்னுதாம்மா சொன்னான்." பேனாவை மூடி வைத்தார். "அவங்களுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு."

மணி அடித்தது. நேற்று நான் ஆப்பை எடுத்த கோபத்தில், அந்தப் பெண்தான் எல்லாம் வைத்தாள் என்று ஆன்ட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் கதை அங்கேயே முடிந்துவிடும். அவர் அப்படிச் சொல்வார் என்றே நினைத்தேன்.

"யாரு சார்? ஆபீசரா? ஆமா, நாந்தான் பாத்தேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நேத்து வந்து எடுத்துப் போட்டுட்டுப் போனது அவதான்."

ஸ்ரீகண்டன் சார் என்னைப் பார்த்தார். "சரிம்மா. தேங்க்ஸ்."

"வச்சிராதீங்க சார். எல்லா நாட்டுலயும் வர்றது உங்களுக்குத் தெரியும்ல?"

"செக் பண்றதுக்காக தெரியும்."

"அப்ப சனிக்கெழம முடிஞ்சதும் என் பொண்ணு ஜெயிச்சாளான்னு மட்டும் சொல்றீங்களா?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதும்மா."

"பாக்கறது தப்புன்னீங்க, சரி. கேக்கறதும் தப்பா?"

"மீட்டிங் இருக்கும்மா" என்று என் போனை அவரே அணைத்தார். பிறகு என்னிடம், "நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றார். எங்கள் வீட்டு முகவரியை அவர் கையாலேயே அடைத்தார். வேலை தப்பியது. ஆனால் அன்றிலிருந்து நான் முடித்து அனுப்பும் ஒவ்வொன்றையும் பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் ரக்ஷா திறந்து பார்க்கிறாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கனடாவில் வரும் நிகழ்ச்சிகளின் பட்டியல் என் திரையில் இருந்தது. அந்தப் போட்டியின் கடைசிப் பகுதியும் இருந்தது. அதன் முகப்புப் படத்தில் மூன்று பெண்கள் வரிசையாக நின்றார்கள். யார் ஜெயித்தார்கள் என்று அதில் தெரியவில்லை. திறக்க ஒரு அழுத்தல் போதும். பக்கத்து இருக்கையில் ரக்ஷா இருந்தாள். அவள் இல்லாவிட்டால் திறந்திருப்பேனா என்று தெரியவில்லை. திறக்கவில்லை.

சாயங்காலம் ஆன்ட்டி கேட் அருகில் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றார் என்று தெரிந்தது.

"நீ பாத்தியா?"

"இல்ல ஆன்ட்டி."

"எல்லா நாடும் உங்களுக்கு வரும்னு அந்த ஆளே சொன்னாரே."

"வரும். ஆனா நான் பாக்கல."

நான் எண்களைப் பார்ப்பதுபோல அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"தோத்துட்டா. அதான் சொல்ல மாட்டேங்கற."

"சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்ட்டி."

"சத்தியமெல்லாம் எதுக்கு? தோத்திருந்தாலும் சொல்லு. நான் ஒண்ணும் அழ மாட்டேன்."

உண்மையைச் சொல்லியாகிவிட்டது. வேறு எதைச் சொன்னால் நம்புவார் என்று யோசித்தபடி நின்றேன். நான் யோசிப்பதைப் பார்த்ததும் அவருக்கு நிச்சயமாகிவிட்டது. கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.