சமையலறை ஜூரி

“ஜூரி அவர்களே!” மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கிவிட்டு வெர்னன் ஆரம்பித்தார். கட்டிலுக்கு எதிரே மனைவி லொரெய்ன், மகன் ட்ராவிஸ், மகள் மார்னி.

இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை வழக்கு விசாரணைக்கு வருகிறதே! மின்சாரக் கம்பெனிக்கு வாதாடியே தலை நரைத்தவர் வெர்னன். எந்த வழக்கானாலும் முதலில் வீட்டு ஜூரியிடம்தான் வாதாடிப் பார்ப்பார். ஓட்டையை இவர்கள் கண்டுபிடித்தால் அடைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் கதை கந்தல். இந்த முறை கோர்ட்டுக்குப் போகப்போவது அவருடைய ஜூனியர். அதனால் அவர் வேகம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கூரை வேலைக்கு வந்தவன் அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்தினான். ஏணி மின்கம்பியில் பட்டது. இரண்டு கையும் போயிற்று. கம்பெனிமேல் வழக்குப் போட்டுவிட்டான். வெர்னன் கம்பெனி எடுத்த போட்டோவை உயர்த்திக் காட்டினார். வெள்ளை வீடு, மேப்பிள் மரம், கிளைகளுக்கு நடுவே கம்பி.

“கம்பி பளிச்சுன்னு தெரியுதா இல்லையா? கண்ணைத் திறந்து பார்த்திருந்தா...” மூச்சு வாங்கியது. முகம் மட்டும் கல்யாண மாப்பிள்ளைபோல இருந்தது. “போங்க, பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. சாகப்போறவன்னு சலுகை காட்டினீங்க, தொலைச்சிடுவேன்!”

“யாரு, உங்க பொண்ணா சலுகை காட்டப்போறா?” என்றாள் லொரெய்ன்.

வழக்கப்படி மூவரும் போட்டோவை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள்.

“ஜெயிச்சிட்டீங்கன்னு சொல்லிடுவோம்,” என்று ட்ராவிஸ் மார்னியிடம் கிசுகிசுத்தான். “கடைசியா ஒரு தடவை. உனக்கென்ன குறைஞ்சுபோகுது?”

“அவர் கேட்டது அது இல்லையேடா.” போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்த மார்னி துள்ளி எழுந்தாள். “அம்மா! மரத்துல இலையே இல்ல!”

“அதுக்கென்ன இப்போ?”

“விபத்து நடந்தது ஜூலைல! இது இலையெல்லாம் உதிர்ந்த குளிர்காலத்துல எடுத்தது! ஜூலைல இலை கம்பியையே மறைச்சிருக்கும். கிளையை வெட்டவேண்டியது யாரு? கம்பெனி!”

“அடப்பாவிகளா!” லொரெய்ன் மேசையில் தட்டினாள்.

“ஏணி அலுமினியம்டி, அவனுக்கே தெரிய வேணாமா?” என்றான் ட்ராவிஸ்.

“கண்ணுக்கே தெரியாத கம்பிக்கு யாருடா பயப்படுவா?” என்றாள் மார்னி.

மூவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இந்த வீட்டில் பல மாதங்களாக யாரும் இப்படிக் கத்தியதில்லை. மார்னிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைக் கேட்டால் அப்பா எப்படிக் குதிப்பார்! கடைசியில் கம்பெனிக்கு எதிராக ட்ராவிஸும் கையைத் தூக்கினான். ஓட்டமாக வந்தார்கள்.

ஜூரி உள்ளே வரும்போது வக்கீல் எழுந்து நிற்கவேண்டும். வீட்டிலும் அவர் அதைத் தவறவிட்டதில்லை. இப்போது எழுந்திருக்கவில்லை. தலை சமையலறைப் பக்கம் சாய்ந்திருந்தது. லொரெய்ன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

“இப்பவாவது ஜெயிச்சீங்கன்னு சொல்லு, மார்னி,” என்று ட்ராவிஸ் அழுதான்.

மார்னி கட்டிலுக்கு முன்னால் நேராக நின்றாள்.

“தோத்துட்டீங்கப்பா,” என்றாள். “போட்டோல மரத்துல இலை இல்ல.”

“ஆமாங்க,” என்றாள் லொரெய்ன்.

கொஞ்ச நேரம் கழித்து ட்ராவிஸும் தலையாட்டினான்.