முப்பத்தாறு என்று போட்டிருந்தது

மாணிக்கவாசகத்துக்கு நாற்பது முடிந்த அன்று கேக் வேண்டாம் என்று முதலில் சொன்னது அவன் மச்சினன் ஆவுடையப்பன்தான்.

"அக்கா இல்லாம என்ன கேக்கு அத்தான்? சும்மா கபாலி கோயிலுக்குப் போய்ட்டு வருவோம். யார்கிட்டயும் பொறந்த நாள்னு சொல்லிக்க வேணாம்."

அது இதமாக இருந்தது. மீனாட்சி போய்ப் பதினான்கு மாதம். தலைத்திவசம் முடிந்ததுமே வீட்டுக்கு வருகிறவர்கள் வேறு பேச்சு பேசத் தொடங்கிவிட்டார்கள். அவள் பேரை அவனோடு சேர்ந்து சொல்ல மிச்சமிருந்தது அவள் தம்பி ஒருவன்தான். தி. நகரில் பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு வாரத்துக்கு இரண்டு நாள் அடையாறு வருவான். தோசை வார்ப்பான். கைபேசியைத் தட்டிக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பான்.

காலையில் முகம் மழிக்கும்போது ஒன்று தோன்றியது. மீனாட்சிக்கு முப்பத்தேழு. இனி தனக்கு மட்டும்தான் ஏறும். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"மீசையில ரெண்டு வெள்ளை தெரியுது. கத்தரிச்சுடுங்க" என்றான் ஆவுடை. கத்தரித்துக்கொண்டான்.

கற்பகாம்பாள் சந்நிதியில் கூட்டமில்லை. பக்கத்தில் ஒரு பெரியவர், அவர் மனைவி, பச்சைப் பட்டில் ஒரு பெண். ஆவுடை அவர்களைப் பார்த்துத் தலையாட்டினான். கடை வாடிக்கையாளர்கள் என்று மாணிக்கவாசகம் நினைத்துக்கொண்டான்.

குருக்கள் தட்டை வாங்கினார். "பேர், நட்சத்திரம்? என்ன விசேஷம்?"

"மாணிக்கவாசகம், கேட்டை. பொறந்த நாள் சாமி. நாப்பது."

ஆவுடை அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினான்.

"நாப்பதா! தீர்க்காயுசா இருங்கோ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு குருக்கள் உள்ளே போனார்.

பெரியவர் திரும்பினார். "தம்பி, முப்பத்தாறுன்னுல்ல போட்டிருந்துச்சு?"

"எதுல?"

பெரியவர் ஆவுடையைப் பார்த்தார். ஆவுடை தரையைப் பார்த்தான். பிராகாரத்துக்கு வந்ததும் அந்தப் பெண்தான் கைபேசியை நீட்டினாள். ஒரு கல்யாணத் தளம். அவன் பெயர், வேலை, சம்பளம். வயது முப்பத்தாறு. அதற்குக் கீழே: திருமணம் ஆகாதவர்.

படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பெசன்ட் நகர் கடற்கரையில் ஆவுடை எடுத்த படம். பக்கத்தில் நின்றவளைக் காணவில்லை. தோளில் மட்டும் நான்கு விரல்கள், மருதாணியோடு.

"நீங்க எழுதினதா இது?" என்றாள் அவள்.

"இல்லம்மா. எனக்கு நாப்பது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கூட இருந்தா. பேரு மீனாட்சி. போன வருஷம் தவறிட்டா." ஆவுடையைக் காட்டினான். "இவன் அவகூடப் பொறந்தவன்."

"கூடப் பொறந்தவளையே இல்லேன்னு எழுதியிருக்கானே, பாவி!" என்றாள் பெரியவரின் மனைவி.

"நங்கநல்லூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்ததுக்கு இது வேற. வா" என்று பெரியவர் முன்னால் நடந்தார். பெண் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவர் பின்னால் போனாள்.

"சம்சாரம் தவறினவர்னுதான் அத்தான் மொதல்ல போட்டேன்" என்றான் ஆவுடை. "எட்டு மாசம். ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. அப்புறம்தான் கல்யாணம் ஆகலைன்னு மாத்தினேன், வயசையும் சேத்துக் கொறைச்சேன். உங்களை நேர்ல பாத்துப் பிடிச்சுட்டா அப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்னு..."

"எட்டு மாசமாவா?"

தலைத்திவசம்கூட அப்போது ஆகியிருக்கவில்லை.

"எங்க வீட்ல உக்காந்து போனைத் தட்டுவியே. இதுக்கா?"

ஆவுடை தலையாட்டினான்.

"அவளுக்காக வர்றேன்னு நெனச்சேன்டா."

"உங்களுக்காக வந்தேன் அத்தான். நாப்பது வயசுல ஒத்தையில கெடக்கிறீங்க, பாக்க முடியலை. ரெண்டு அடி வேணா அடிங்க."

மாணிக்கவாசகத்துக்குக் கை எழவில்லை. "படத்தை முழுசா அனுப்பு. அப்புறம் வீட்டுப் பக்கம் வராத."

"சரி, வரலை." ஆவுடை கைபேசியை எடுத்தான். "அக்காவைப் பத்தி யார்கிட்ட அத்தான் பேசுவீங்க?"

மாணிக்கவாசகம் யோசித்துப் பார்த்தான். ஒரு பேரும் வரவில்லை.

"படத்தை அனுப்பு" என்றான்.