1407-ஆம் எண்ணின் கணக்கு

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அலுவலகத்தில் ஒருவராலும் கணினியில் எந்தப் பக்கத்துக்குள்ளும் நுழைய முடியவில்லை. விடுப்பு, கடிதம், கோப்பு என்று எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் போதும் என்று பெருமையாகச் செய்துவைத்த ஏற்பாடு. கெட்டால் மொத்தமாகத்தான் கெடும். நானூறு பேரும் சர்வர் அறையில் இருந்த அவளைப் போட்டுப் பிடுங்கி எடுத்தார்கள். பக்கத்து நாற்காலி காலி. பதினோரு வருடம் அதில் உட்கார்ந்திருந்தவரை வெள்ளிக்கிழமை மாலை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போன மாதம் கோப்புகள் அழிந்ததற்கு அவர்தான் காரணம் என்று முடிவாயிற்று. அழித்தது அவள் கை. விசாரணையில் அவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கடவுச்சொல் தவறு என்றே சர்வரில் நடப்பதைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பு திரும்பத் திரும்பச் சொன்னது. அவளும் நம்பித் தொலைத்தாள். நாற்பது பேருக்குப் புதுக் கடவுச்சொல் கொடுத்தாள். நாற்பது பேரும் அதை அடித்துப் பார்த்துவிட்டு மறுபடி திட்டினார்கள். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்தாள், அதன் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்று முறை அணைத்துப் போட்டாள்.

"என்னம்மா, சர்வருக்குத் தாலாட்டு பாடிட்டிருக்கியா? வெள்ளிக்கிழமை போனாரே, அவருக்கே போன் போட்டுக் கேளு" என்றார் மேனேஜர், கொஞ்சமும் கூசாமல்.

முதல் மணியிலேயே எடுத்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அண்ணா, எல்லாருக்கும் பாஸ்வேர்டு தப்புன்னு வருது."

"அவங்க பாஸ்வேர்டு இல்லம்மா. இந்தாளு சரியான ஆளான்னு, ஊழியர் பட்டியல் வெச்சிருக்கிற டைரக்டரிகிட்ட போய்க் கேக்குதே நம்ம லாகின் மாட்யூல், அதுக்கே ஒரு கணக்கு வேணுமே. செட்டிங்ஸ் ஃபைல்ல பதினாலாவது வரி பாரு. யார் கணக்குல கேக்குது?"

"1407-ன்னு இருக்கு."

"அது என் ஊழியர் நம்பர். இத முதல்ல போட்ட அன்னிக்கு அவசரத்துக்குக் குடுத்தேன், அப்படியே ஓடிடுச்சு. வெள்ளிக்கிழமை என்னை மூடினாங்கல்ல, என் கணக்கையும் சேத்து மூடிட்டாங்க."

காலையிலிருந்து அந்த வரியை இருபது தடவையாவது படித்திருப்பாள். யாருடைய எண் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. அவர் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் சொன்னபடி 1407-ஐத் திறந்துவிட்டாள். கூடத்தில் "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று கைதட்டினார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்து, "கெட்டிக்காரி! அந்தாளு கணக்க மட்டும் உடனே மூடிடு, ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் போனார். போன் இணைப்பு அறாமல் மேசைமேல் கிடந்தது.

"கேட்டுச்சு" என்றார் அவர். "மாட்யூலுக்குன்னு தனியா ஒரு கணக்கு போட்டுடு. அது ஓடினதும் என்னுத மூடு."

இருபது நிமிடத்தில் போட்டாள். அவர் லைனிலேயே இருந்தார்.

"அண்ணா, அன்னிக்கு விசாரணையில நான்..."

"புதுசு வேலை செய்யுதா, அதப் பாரு."

"செய்யுது."

"அப்ப மூடும்மா."

1407-ஐ முடக்கவா என்று திரை கேட்டது. வெள்ளிக்கிழமை முகம் தெரியாத யாரோ செய்த காரியம். இன்று அவளே செய்ய வேண்டியிருந்தது. அழுத்தினாள். எண் சாம்பல் நிறமாயிற்று. போனில் அவர் மூச்சு கேட்டது. கூடத்தில் யாரோ சிரித்தார்கள். இரண்டு பேரில் ஒருவரும் போனை வைக்கவில்லை.