பிளஸ்ஸிக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

சபைக் கமிட்டித் தேர்தலில் பதினொரு ஓட்டில் தோற்ற அன்று, சேலையூர் சுவிசேஷமுத்து இனி அந்த ஆலய வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டார். தான் மட்டும் மிதிக்காமல் இருந்திருக்கலாம். குடும்பத்தையே நிறுத்தினார். பாடகர் குழுவில் இருந்த மகள் பிளஸ்ஸி மூன்று கிறிஸ்துமஸுக்கு ஜன்னல் வழியாகத்தான் கேரல் கேட்டாள்.

இந்த ஏப்ரலில் சபதம் காற்றோடு போயிற்று. பிளஸ்ஸி பி.காம். சேர நினைத்த கல்லூரியில் கிறிஸ்தவர்களுக்கென்று சில இடங்கள் உண்டு. அதற்கு ஆயரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அடுத்த ஞாயிறே மனிதர் முதல் பெஞ்சில் இருந்தார். காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடி என்பார்கள். இவர் ஆயர் காலைப் பிடித்தார்.

ஆயர் ஜெர்சன் லேசுப்பட்டவரா? "பாக்கலாம் பிரதர்" என்று இழுத்தடித்தார். சிறுபிள்ளைகளின் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் போதவில்லை என்றார். ஐம்பத்திரண்டு வயது ஹெட் கிளார்க்கான இவர், எல்.கே.ஜி. வாண்டுகளோடு தொப்பை குலுங்கக் குதித்துக் குதித்துப் பாடினார். பத்தாம் நாள், ஒட்டிய உறை கைக்கு வந்தது. கல்லூரி ஆபீஸில் கொடுக்கச் சொல்லி மகளிடம் தந்தார்.

பிறகு கல்லூரியின் மெயிலுக்காகக் காத்திருந்தார். போன் 'டிங்' என்றால் பாய்ந்தார். பார்த்தால் லோன் விளம்பரம். குரோம்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி மெயில் பெட்டியைத் துழாவியதில் பச்சை விழுந்தது தெரியவில்லை. "இன்னா சார், சிக்னல்லயே குடித்தனமா?" என்றார் பின்னால் நின்ற ஆட்டோக்காரர்.

ஜூன் முதல் சனிக்கிழமை மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

"ஐயா லெட்டர்னா லெட்டர்தான்!" என்று கூவினார்.

"நல்லாப் படிங்க டாடி. ஜெனரல் லிஸ்ட்னு போட்டிருக்கு," என்றாள் பிளஸ்ஸி. "அறுநூறுக்கு ஐநூத்தி எழுபத்தொண்ணு மார்க்குக்குக் கிடைச்சது. லெட்டரை நான் குடுக்கவேயில்ல."

பிரித்த உறையை நீட்டினாள். உள்ளே ஆயரின் கையெழுத்து அழகாக இருந்தது: 'இக்குடும்பத்தார் மூன்று ஆண்டுகளாக ஆலயத்துக்கு வரவில்லை. ஏப்ரல் முதல் தவறாமல் வருகிறார்கள். காரணம் தாங்களே அறிவீர்கள்.'

"பாட விடாம வெச்சது உங்க கௌரவத்துக்கு. இந்த சீட்டாவது என்னோடதா இருக்கட்டும் டாடி."

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆயரை நாலு கேள்வி கேட்கப் போனை எடுத்தார். அதற்குள் ஆயரே கூப்பிட்டார்.

"சீட்டு கிடைச்சுதுன்னு உங்க வீட்டு சிஸ்டர் இப்பதான் போன்ல சொன்னாங்க. ஸ்தோத்திரம் பிரதர்! நாளைக்கு ஆராதனைல சாட்சி சொல்லிடுங்க. நம்ம லெட்டர் மூலமா கர்த்தர் செஞ்சதை."

ஞாயிறன்று கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தார். சபை முன் வாசித்து ஆயரின் மானத்தை வாங்குவதாகத்தான் திட்டம். பிளஸ்ஸிக்குப் பக்கத்தில் இளையவன் ஸ்டெபின் கொட்டாவி விட்டான். பத்தாம் வகுப்பை இப்போதுதான் தாண்டியிருக்கிறான், கணக்கில் முப்பத்தாறு. இன்னும் இரண்டே வருஷத்தில் அவனுக்கும் காலேஜ் சீட்டு வேண்டும்.

"ஐயா குடுத்த லெட்டராலதான் எம் பொண்ணுக்கு சீட்டு கிடைச்சுது," என்றார் சுவிசேஷமுத்து.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், ஒரு அம்மாள் பிளஸ்ஸியின் கன்னத்தைத் தட்டினாள். "மார்க் கம்மியா இருந்தா என்னம்மா? லெட்டர் காப்பாத்திடுச்சு பாரு."

பிளஸ்ஸி அப்பாவைப் பார்த்தாள். மகள் வாங்கிய மார்க்கைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆயர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.