முட்டி ஒன்று, முட்டி இரண்டு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரம் என் வீட்டுக்காரர் சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். உப்பு உயிரெழுத்தில் தொடங்குகிறதாம், அதனால் அதற்கு மேல் தட்டு. எனக்குக் கை எட்டாத தட்டு. அடுத்த வாரம் மருந்து மாத்திரைகள் காலாவதித் தேதிப்படி நின்றன. அதற்கடுத்து செருப்புகள். வண்டி உதிரி பாகங்கள் வைக்கும் கோடவுனுக்கு ஆயுள் முழுக்கப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். ஒரு நட்டு எந்தப் பெட்டியில் வந்ததோ அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், பெட்டியின் மேல் என்ன பேர் அச்சடித்திருக்கிறதோ அதுதான் அதன் பேர் என்பது அவருடைய வேதம்.

நான் பொறுத்துக்கொண்டேன். பின்னே என்ன செய்வது? சன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிச் சத்தத்தைக் கேட்டு, “இதுக்கு பேரிங் போச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. டப்பாவோடு ஆசை தீரட்டும் என்று விட்டேன். தீரவில்லை. என் பாட்டுகளில் கை வைத்தார்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பாதி நாள் வேலை பார்க்கிறேன். கடை திறப்பதற்கு முன்னால், வாரத்தில் சில நாள், நூலகத்து மாடி ஹாலில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். முட்டி, தோள், இடுப்பு என்று ஆளுக்கொரு புகார். பாட்டுப் போடாமல் அவர்களை ஓர் அங்குலம் அசைக்க முடியாது. தையல்காரம்மாவுக்குக் குத்துப் பாட்டு வந்தால்தான் கால் எழும்பும். பாங்க் மேனேஜர் சார் மெல்லிசை கேட்டால்தான் கழுத்தைத் திருப்புவார்.

அந்தப் பாட்டுகளை யார் பாடினார்கள், யார் இசை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. எந்தப் பாட்டுக்கு எந்த உறுப்பு அசையும் என்பது தெரியும். அதனால் கம்ப்யூட்டரில் அவற்றுக்கு நானே பேர் வைத்திருந்தேன். ‘முட்டி 1’, ‘முட்டி 2’, ‘தோள் சுத்து’, ‘குனி நிமிரு’, ‘மூச்சு’. ‘முட்டி 2 பாவம்’ என்று ஒன்று உண்டு. ரொம்ப வலி இருக்கிறவர்களுக்காக அதே பாட்டை வேகம் குறைத்து வைத்தது. தேடும் கட்டத்தில் ‘முட்டி’ என்று தட்டினால் எல்லா முட்டியும் வரிசை கட்டி நிற்கும். இதைவிட ஒழுங்கு ஒருத்திக்கு என்ன வேண்டும்?

அந்தச் சனிக்கிழமை எங்கள் வகுப்பைப் பார்க்க எலும்பு டாக்டர் அம்மா வருவதாக இருந்தது. அவருடைய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஒரு பெரிய அறை காலியாகக் கிடக்கிறது. வகுப்பு பிடித்திருந்தால் அதை எங்களுக்குத் தருவார். அந்த அறை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது, கனவில்கூட அதைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ஹாலோ மாடியில். முட்டி சரியாக வேண்டும் என்று வருகிறவர்கள் முட்டி தேயப் படி ஏற வேண்டும். தபால் ஆபீஸ் அக்கா ஒரு நாள் பாதிப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத் திரும்பிப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

டாக்டர் அம்மா போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “மெதுவா ஏத்தணும், மெதுவா இறக்கணும். யாருக்காவது நெஞ்சு படபடன்னு இருக்கும்போதே முடிச்சீங்கன்னா, என் பேஷண்ட் ஒருத்தரையும் நான் அனுப்ப மாட்டேன்.”

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒரு சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தார். அது பாட்டைத் தானே கேட்டு, இன்ன பாட்டு என்று இணையத்தில் தேடிப் பிடித்து, பேர், பாடியவர், இசை, வருஷம், அட்டைப்படம் எல்லாவற்றையும் போட்டுவிடுமாம். நாலைந்து நாள் கம்ப்யூட்டர் இருக்கிற அறையை விட்டு அவர் வெளியே வரவில்லை. டீ ஆறிப்போனது. உள்ளேயிருந்து சீட்டி அடிக்கிற சத்தம் வந்தது. வேலையை விட்டபின் அவர் சீட்டி அடித்து நான் கேட்டதில்லை. எனக்கும் மனசு குளிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். திரை முழுக்க வண்ண வண்ண அட்டைப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான் கேள்விப்பட்டே இராத பேர்கள்.

“நல்லாத்தான் இருக்கு. முட்டி எங்கே?” என்றேன்.

“எந்த முட்டி?”

நான் தேடும் கட்டத்தில் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. தோள் என்று தட்டினேன். அதுவும் இல்லை.

“அதையெல்லாம் மாத்திட்டேன். எல்லாத்துக்கும் இப்ப ஒரிஜினல் பேரு. ‘குனி நிமிரு’ன்னு உலகத்துல எங்கயாவது ஒரு பாட்டு இருக்கா, சொல்லு?”

“உங்க உலகத்துல இல்ல. என் உலகத்துல இருந்துச்சு. பழைய பேரு எங்கே?”

“பழைய பேரை வெச்சுக்கவான்னு அது கேட்டுச்சு. வேணாம்னு அமுக்கிட்டேன்.”

“பென் டிரைவ்ல ஒரு காப்பி இருந்துச்சே?”

அவர் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “அதையும் சரி பண்ணிட்டேன்.”

சரி பண்ணிவிட்டாராம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, இவர் என் பிள்ளையாரையே பிடித்துக் குரங்காக்கிவிட்டு, அதற்குப் பேர்ப்பலகையும் மாட்டியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறினால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அன்றைக்கும் அப்படித்தான். கத்தினேன். கடைசியாக, “உங்களை கோடவுன்லேர்ந்து ரிட்டயர் பண்ணினது சரிதான்” என்றேன்.

அவர் திரையை அணைத்தார். எழுந்துபோய்ச் சன்னலோரம் உட்கார்ந்தார். சொன்ன சொல்லை மென்று விழுங்கிவிட முடிந்தால் அந்த நிமிஷமே விழுங்கியிருப்பேன்.

மறுநாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. கண்ணாடிக்குச் சட்டம் பார்க்க வந்த ஒரு பெண்ணிடம் கண்ணாடியை நீட்டிவிட்டு, முட்டி 2 எப்படி ஆரம்பிக்கும் என்று முணுமுணுத்துப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அவர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி நகர்த்தப்பட்டு, அறையின் நடுவே இடம் காலியாக இருந்தது.

“நான் போடறேன். நீ நில்லு. உன் கால் எப்படிப் போகுதுன்னு பார்க்கலாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. என் மூளைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது முட்டி தானாக மேலே எழும்பியது. “முட்டி ஒண்ணு!” என்று கூவினேன். அவர் தட்டெழுதினார். அந்த சாஃப்ட்வேரில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி காலியாகக் கிடந்தது. ஒரிஜினல் பேரும் இருக்கட்டும், என் பேரும் இருக்கட்டும் என்று அதில் எழுதிக்கொண்டே வந்தார். அடுத்த பாட்டுக்குத் தோள் சுற்றியது. அதற்கடுத்ததற்கு இடுப்பு. ‘முட்டி 2 பாவம்’ வந்தபோது, “இதை மட்டும் அதால கண்டுபிடிக்க முடியலை, ‘பேர் தெரியாது’ன்னு போட்டுடுச்சு. ஏன் இந்த ஆளு தூக்கத்துல பாடறான்னு நானும் யோசிச்சேன்” என்றார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் டீயைச் சூடாகவே குடித்தார். வெளிச்சம் போவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டோம். என் முட்டி இரண்டும் கெஞ்சின.

“நாளைக்கு நானும் வர்றேன். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா உனக்குத் தேடத் தெரியாது” என்றார். வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து நூறு தடவை கூப்பிட்டும் வராத மனிதர்.

சனிக்கிழமை எல்லாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். தையல்காரம்மா புதுச் சட்டை போட்டிருந்தார். டாக்டர் அம்மா படி ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் பின்னால், மேஜையில் கம்ப்யூட்டருடன். நான் கையை ஆட்ட வேண்டியதுதான், பாட்டு வந்தது. கழுத்து, தோள், குனி நிமிரு, முட்டி ஒன்று, முட்டி இரண்டு. ஒன்று முடியும்போதே அடுத்தது வழுக்கிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் நான் ஓடிப்போய் அமுக்கிவிட்டு ஓடிவந்த வேலை. டாக்டர் அம்மாவின் பாதம் தாளம் போடுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கிடைத்துவிட்டது அறை என்று நினைத்தேன்.

கடைசிக் கட்டம். எல்லாரையும் நாற்காலியில் உட்கார வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். ‘மூச்சு’க்குக் கையை ஆட்டினேன்.

தடதடவென்று மத்தளம் அதிர்ந்தது. என்னிடம் இருந்ததிலேயே வேகமான பாட்டு அது. தையல்காரம்மாவின் கால் தரையை உதைக்கத் தொடங்கியது. மேனேஜர் சார் எழுந்தே நின்றுவிட்டார், முகம் சிவந்துவிட்டது. டாக்டர் அம்மாவின் பாதம் நின்றது.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. முந்தின நாள் ஒரு வரியில் குறிப்பு எழுதியதும் பட்டியல் தானாக வரிசை மாறிக்கொண்டது. இவர் அதைக் கவனிக்காமல் அடுத்த குறிப்பைத் தட்ட, அது வேறு பாட்டின் தலையில் விழுந்திருக்கிறது. அப்போது எனக்கு அதெல்லாம் தெரியாது. திரும்பிப் பார்த்தேன். இவர் பட்டியலில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு என்று கேட்டால் சொல்ல எனக்குப் பேர் தெரியாது. மெட்டை முனகலாம் என்றால் மத்தளச் சத்தத்தில் அது நினைவுக்கே வரவில்லை. கண்முன்னே அந்த அறையின் கதவு சாத்திக்கொள்வது போலிருந்தது.

பாட்டு சட்டென்று நின்றது. ஹாலில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“மெதுவா. யாரும் எங்கயும் போகலை, யாரும் அவசரப்படலை. உக்காருங்க. தோளைக் காதுகிட்டேர்ந்து இறக்குங்க, அது ஒண்ணும் காதுக்குத் தொங்கட்டான் இல்ல.”

மேனேஜர் சார் உட்கார்ந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“மூச்சை உள்ள இழுங்க. போதும். இப்ப வெளிய விடுங்க. வீட்டுக்கு வந்தவங்களை வழியனுப்பற மாதிரி, வாசல் வரைக்கும் கூடவே போய் விடுங்க. கதவைப் படார்னு சாத்தக் கூடாது.”

அத்தனையும் என் சொற்கள். நான் வகுப்பில் சொல்கிற வரிசையில், நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, என் அசட்டு நகைச்சுவை உட்பட. நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காத மனிதர், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனார். நானும் என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன், வாசல் வரை போய் விட்டேன்.

முடிந்ததும் டாக்டர் அம்மா எழுந்துவந்து, மேனேஜர் சாருக்கும் தையல்காரம்மாவுக்கும் நாடி பிடித்துப் பார்த்தார்.

“நல்லா இறங்கியிருக்கு. கடைசியில பாட்டை நிறுத்திட்டுப் பேச்சுல கொண்டு வந்தது நல்ல யோசனை” என்றார். யோசனையா என்று நான் வாயைத் திறப்பதற்குள், “திங்கட்கிழமை வந்து சாவியை வாங்கிக்குங்க. அந்த சாரையும் கூட்டிட்டு வாங்க” என்றார்.

எல்லாரும் போனபின் நாங்கள் படி இறங்கினோம். கம்ப்யூட்டர் பை அவர் தோளில்.

“ஒரு நாள்கூட வந்ததில்லையே. எப்படித் தெரியும் அதெல்லாம்?” என்று கேட்டேன்.

“காலையில வீட்டுல சொல்லிப் பார்ப்பியே. நான் பேப்பருக்குப் பின்னாடிதானே இருப்பேன்.”

“காதுல வாங்கினதே இல்லன்னு நெனச்சேன்.”

அவர் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். “கோடவுன்ல, வெளிய லாரிங்க ஹாரன் அடிச்சிட்டு நிக்கும். உள்ள ஒருத்தன் தப்பான பார்ட்டை எடுத்துட்டு வந்து நிப்பான். கத்தத்தான் வாய் வரும். அப்ப மனசுக்குள்ள உன் பேச்சைத்தான் சொல்லிக்குவேன். யாரும் எங்கயும் போகலை, யாரும் அவசரப்படலைன்னு. அப்புறம் கத்தத் தோணாது.”

“எத்தனை நாளா?”

“நீ ஆரம்பிச்சதுலேர்ந்து.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதேன். “அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க.”

“எதை? ரிட்டயர் பண்ணினது சரின்னு சொன்னதையா? சரிதானே. இல்லன்னா இன்னைக்கு சனிக்கிழமை, லாரி வர்ற நாள். நான் இங்க எப்படி இருந்திருப்பேன்?”

பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. சட்டைக் கையை நீட்டினார். அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“முதல்ல தபால் ஆபீஸ் அக்காவுக்குப் போன் பண்ணணும்” என்றேன்.

“பண்ணு. இனிமே படி இல்லன்னு சொல்லு” என்றார்.